வகுப்பறையில் பவர்பாயிண்ட்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்வழி வகுப்புகளில், குறிப்பாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஸ்லைடுகளைக் கொண்டு பாடம் நடத்துபவர்களுக்கும் நடத்தத் தொடங்கவிருப்பவர்களுக்கும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இலங்கைப் பாடநூல்கள் ஸ்லைடைப் 'படவில்லை' என்று அழகாகக் குறிப்பிடுகின்றன. ஆனாலும் ஆசிரியர் அறையில் வழங்கும் சொல் 'ஸ்லைடு' என்பதால் இங்கும் அதுவே பயன்படுத்தப்படுகிறது.

பவர்பாயிண்ட் பாடம் நடத்துவதற்காகவே உருவாக்கப்பட்ட மென்பொருளா?

இல்லை. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் ஃபோர்தாட் என்ற சிறிய நிறுவனத்தில் 'பிரசென்டர்' என்ற பெயரில் உருவாக்கத் தொடங்கிய இந்த மென்பொருள், 1987இல் மேக்கின்டாஷ் கணினிக்காகப் பவர்பாயிண்ட் என்ற பெயரில் வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. விண்டோஸ் பதிப்பு 1990இல் வந்தது. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் ஒளிபுகும் தாள்களை அலுவலகத்தினர் தாங்களே தயாரித்துக்கொள்ள உதவுவதுதான் தொடக்கத்தில் அதன் வேலையாக இருந்தது.

இந்தப் பிறப்பின் அடையாளம் இன்றும் அதில் இருக்கிறது. புதிய ஸ்லைடு ஒன்றைத் திறந்தால் மேலே ஒரு தலைப்பும் கீழே புள்ளியிட்ட வரிகளும் நமக்காகக் காத்திருக்கின்றன. தாம் ஏற்கெனவே எட்டிய முடிவை, முடிவெடுக்கும் பொறுப்பிலுள்ள நாலு பேரிடம் எடுத்துச் சொல்பவருக்கு அந்த வடிவம் பொருந்தும். வகுப்பறையிலோ முடிவு கடைசியில்தான் வரவேண்டும். மாணவர் தவறாக ஊகிப்பதும், ஆசிரியர் அந்த ஊகத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வேறு வழியில் திரும்புவதும் பாடத்தின் பகுதிகளே. ஆகவே மென்பொருள் தரும் அந்த ஆயத்த வடிவத்தை முதலில் நீக்கிவிட்டு வெற்று ஸ்லைடிலிருந்து தொடங்குவது நல்லது.

அப்படியானால் கரும்பலகை இனித் தேவையில்லையா?

தேவை. எதைப் பலகையில் எழுதவேண்டும், எதைத் திரையில் காட்டவேண்டும் என்று பிரித்தறிவதே இந்தக் கருவியைப் பயன்படுத்துவதில் உள்ள பாதித் திறமை.

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வதை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடில் அது பெரும்பாலும் சமன் செய்யப்பட்டே வந்து நிற்கிறது. பலகையில் எழுதும்போது, ஆக்சிஜன் அணுக்களை எண்ணி, ஓர் எண்ணைப் போட்டு, அதனால் ஹைட்ரஜன் கணக்குத் தப்பிப்போக, அழித்து மீண்டும் எழுதுகிறோம். அந்த அழிப்புதான் பாடம். கவராயத்தைக் கொண்டு வரையும் செய்முறை வடிவியலும், தேற்ற நிரூபணமும், வாக்கியத்தைப் பிரித்துக் காட்டும் இலக்கணமும் இப்படிப்பட்டவையே. ஆசிரியரின் கை நகரும் வேகமும் மாணவரின் பேனா நகரும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது சாக்பீஸுக்கு மட்டுமே உரிய நன்மை.

இலைத்துளையின் நுண்ணோக்கிப் படத்தையோ, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் மேல் திரளும் மேகங்களின் செயற்கைக்கோள் படத்தையோ, சித்தன்னவாசல் ஓவியத்தின் நிறங்களையோ, கீழடிப் பானை ஓட்டில் கீறப்பட்டிருக்கும் தமிழி எழுத்துகளையோ எந்த ஆசிரியராலும் சாக்பீஸால் வரைந்துவிட முடியாது. திரை அங்கேதான் வேண்டும். கையால் காட்ட முடியாததை மட்டும் ஸ்லைடில் வையுங்கள் என்பதே என் நிலைப்பாடு. அதைக் கடுமையாகப் பின்பற்றினால் பல பாடங்களுக்கு ஐந்தாறு ஸ்லைடுகளே போதுமானவையாக இருக்கும்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பல பள்ளிகளில் திரையைக் கரும்பலகையின் மேலேயே தொங்கவிடுகிறார்கள், அல்லது தொடுதிரையைப் பலகையின் நடுவில் பொருத்திவிடுகிறார்கள். முடிந்தவரை திரை ஒரு பக்கமும் பலகை மறுபக்கமுமாக இருக்கும்படி கேட்டுப் பெறுங்கள்.

ஒரு பாடவேளைக்கு எத்தனை ஸ்லைடுகள் வைக்கலாம்?

இதற்கு நிலையான எண் கிடையாது. நாற்பது நிமிடப் பாடவேளையில் வருகைப்பதிவு, முந்தைய நாள் பாடத்தை நினைவூட்டுதல், மாணவர்களின் கேள்விகள் ஆகியவை போக மீதமிருப்பது இருபத்தைந்து நிமிடங்கள். ஒரு நல்ல படத்தைப் பற்றி நான்கைந்து நிமிடங்கள் பேசலாம். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். முப்பது ஸ்லைடுகளோடு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர், அவற்றை முடிக்கவேண்டும் என்ற அவசரத்திலேயே, கையை உயர்த்தும் மாணவரைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்.

பாடநூலில் உள்ள வரிகளை ஸ்லைடில் இட்டு வாசித்துக் காட்டினால் மாணவர்களுக்கு எளிதாக இருக்குமே?

எளிதாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் கல்வி உளவியல் ஆய்வு செய்த ரிச்சர்ட் மேயர், படத்தையும் பேச்சையும் மட்டும் கொண்டு கற்றவர்களையும், அதே படம், அதே பேச்சு, அந்தப் பேச்சின் எழுத்து வடிவம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எழுத்து கூடுதலாகச் சேர்க்கப்படாத குழுவினரே பொதுவாக நன்றாகக் கற்றிருந்தனர். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர் 1988 முதல் வளர்த்தெடுத்த அறிதல் சுமைக் கோட்பாடும் இதற்கு விளக்கம் தருகிறது. நம் மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய செய்திகளின் அளவு மிகச் சிறியது. காதில் விழும் சொல்லையும் கண்ணில் படும் அதே சொல்லையும் ஒத்துப்பார்ப்பதிலேயே அந்த இடம் செலவாகிவிட்டால், படத்தைப் புரிந்துகொள்ள மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. புதிய கலைச்சொல், எழுத்துப்பிழை நேரக்கூடிய பெயர், ஆங்கிலவழி வகுப்பில் மொழியே தடையாக இருக்கும் மாணவர்கள் ஆகிய இடங்களில் எழுத்து உதவும். தமிழ்ப் பாடத்தில் எழுத்தே கற்பிக்கப்படும் பொருளாக இருக்கும்போது, அது திரையில் இருந்தே தீரவேண்டும். குறள் ஒன்றை அலகிடும்போது நேரசையை ஒரு நிறத்திலும் நிரையசையை வேறொரு நிறத்திலும் காட்டினால், பலகையில் பத்து நிமிடம் போராடியும் புரியாத சீர்பிரிப்பு சட்டென்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அப்போதும் முதல் இரண்டு சீர்களை மட்டும் நிறமிட்டுக் காட்டிவிட்டு, மற்ற ஐந்தையும் மாணவர்களிடம் விட்டுவிடவேண்டும்.

கருத்துகளைப் புள்ளியிட்டு வரிசைப்படுத்துவதில் என்ன தவறு?

வரிசைப்படுத்துவது தவறில்லை. புள்ளிப் பட்டியல், 'ஏனென்றால்', 'ஆனால்', 'இருந்தபோதிலும்' போன்ற இணைப்புகளை விழுங்கிவிடுகிறது என்பதுதான் சிக்கல். முகலாயப் பேரரசின் வீழ்ச்சிக்கு ஆறு காரணங்கள் என்று ஆறு புள்ளிகளை இட்டுவிட்டால், அவற்றில் எது எதற்குக் காரணமாயிற்று என்ற கேள்வியே எழுவதில்லை. மாணவர் ஆறையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்.

இந்தக் குறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்த கொலம்பியா விண்வெளி ஓடத்தின் விபத்து ஒரு சான்று. 2003 ஜனவரியில் ஏவப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று ஓடத்தின் இறக்கையில் மோதியது. ஓடம் இன்னும் விண்ணில் இருந்தபோதே, அதனால் எவ்வளவு பாதிப்பு இருக்கும் என்று பொறியாளர்கள் ஸ்லைடுகள் மூலம் விளக்கினர். சோதனைகளில் பயன்படுத்தப்பட்ட நுரைத்துண்டின் அளவு 3 கன அங்குலம். உண்மையில் மோதியதன் மதிப்பீடு 1,920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. இந்தச் செய்தி அந்த ஸ்லைடில் நம்பிக்கையூட்டும் தலைப்புக்கு வெகு கீழே, உட்புள்ளிகளுக்கும் அடியில், சிறிய எழுத்தில் இருந்தது. பிப்ரவரி 1 அன்று ஓடம் சிதறியது. விபத்தின் காரணங்கள் பல. ஆயினும் எட்வர்ட் டஃப்டி என்ற புள்ளிவிவர வடிவமைப்பு அறிஞர் இந்த ஸ்லைடை வரி வரியாகப் பகுத்துக் காட்டினார். விசாரணைக் குழுவும் தன் அறிக்கையில் இதனைக் கண்டித்து எழுதியது. முக்கியமானதை எங்கே வைக்கிறோம் என்பது அலங்காரம் சார்ந்த கேள்வி அன்று என்பதை இதைவிடக் கசப்பாகச் சொல்லும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வீட்டில் சரியாகத் தெரிந்த தமிழ் எழுத்துகள் பள்ளிக் கணினியில் குழம்பிப்போவது ஏன்?

தமிழாசிரியர்கள் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. அவற்றில் தட்டச்சு செய்த கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை தம் உண்மை உருவத்தைக் காட்டிவிடுகின்றன. தமிழுக்கெனத் தனிக் குறியெண்களைத் தரும் உலகத் தரமான யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் இரண்டு வாரம் பழகினால் போதும், பழைய தட்டச்சு முறையை யாரும் தேடிப்போகமாட்டார்கள்.

பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை: கோப்பில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்களோ வேதிக் குறியீடுகளோ இருந்தால், கருவி அவற்றையும் தமிழ் என்று எண்ணி உருக்குலைத்துவிடும். மாற்றியபின் ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்கவேண்டும்.

எழுத்துருக்களில், பழைய விண்டோஸ் கணினிகளில் லதாவும், எட்டாம் பதிப்பிலிருந்து நிர்மலாவும் இயல்பாகவே இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமானவை. தடித்த வடிவிலும் தெளிவாக இருப்பவை. வேறு எழுத்துருவைப் பயன்படுத்தினால், பவர்பாயிண்டில் சேமிப்பு விருப்பங்களுக்குள் சென்று எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துச் சேமிக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். கூடவே பி.டி.எஃப். பிரதி ஒன்றையும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அசைவுகள் போய்விடும், ஆனால் பாடம் நின்றுபோகாது.

எழுத்தின் அளவும் நிறமும் எப்படி இருக்கவேண்டும்?

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நீங்களே படித்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் அளவுகள் தமிழுக்குப் போதா. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியும், 'ண'வின் கூடுதல் சுழியும் சிறிய அளவில் மங்கிவிடும். புள்ளி தெரியாவிட்டால் சொல்லே மாறிவிடுகிறது. 32 புள்ளி அளவுக்குக் கீழே நான் போவதில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அந்த அளவில் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களே அடங்கும். அதுவும் ஒரு நல்ல கட்டுப்பாடுதான்.

திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்குத் தொலைவுக்குள் கடைசி வரிசை இருக்கவேண்டும் என்பது நடைமுறையில் உதவும் கணக்கு. நான்கு அடி உயரத் திரைக்கு இருபத்து நான்கு அடி. சன்னல் திரைச்சீலை இல்லாத நம் வகுப்பறைகளில் கறுப்புப் பின்னணி வெளிறிப்போய்ச் சாம்பலாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே நிற்கும். சிவப்பையும் பச்சையையும் மட்டுமே வைத்து வேறுபாடு காட்டாதீர்கள். நிறக்குருடு உள்ள மாணவர் பெரும்பாலும் அதை வெளியே சொல்லமாட்டார்.

அனிமேஷன் பயனுள்ளதா, கவனத்தைச் சிதறடிப்பதா?

எழுத்துகள் சுழன்று வருவதும், ஸ்லைடு சதுரங்கக் கட்டமாக உடைந்து மறைவதும் முதல் நாள் சிரிப்பையும் இரண்டாம் நாள் சலிப்பையும் தரும். ஆனால் வரிசையாக நிகழும் ஒன்றை விளக்க, 'தோன்று' என்ற மிக எளிய அசைவு ஒன்றே மிகவும் பயனுடையது.

பத்தாம் வகுப்பு உயிரியலில் இதயத்தின் வழியே இரத்தம் செல்லும் பாதையை எடுத்துக்கொள்வோம். பாடநூல் படத்தில் நான்கு அறைகளும், வால்வுகளும், தமனிகளும், சிரைகளும், பத்துப் பன்னிரண்டு பெயர்களும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுகின்றன. அதே படத்தைப் பெயர்கள் இல்லாமல் ஸ்லைடில் வையுங்கள். முதலில் இது யாருடைய வலப்பக்கம் என்று கேளுங்கள். படத்தில் நம் இடப்புறம் தெரிவதே இதயத்தின் வலப்புறம் என்பதை ஒரு மாணவரை எதிரே நிற்கவைத்துத்தான் புரியவைக்க முடியும். அதற்கு மென்பொருள் உதவாது. பிறகு ஒவ்வொரு சொடுக்குக்கும் ஓர் அம்பு வரட்டும்: உடலிலிருந்து வலது ஆரிக்கிள், அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிள். இங்கே நிறுத்தி, அடுத்த அம்பு எங்கே போகும் என்று கேட்கவேண்டும். பாதி வகுப்பு 'இடது பக்கம்' என்று சொல்லும். அப்படிச் சென்றால் ஆக்சிஜன் எங்கே கிடைக்கும் என்று திருப்பிக் கேட்டால், நுரையீரல் என்ற விடை அவர்களிடமிருந்தே வரும். அதன்பிறகுதான் சொடுக்கவேண்டும். கேள்விக்கும் சொடுக்குக்கும் இடைப்பட்ட அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இந்த ஸ்லைடையே தயாரிக்கிறோம்.

இடையே ஒன்று: ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நீல நிறத்தில் காட்டும் மரபு ஸ்லைடில் இன்னும் பளிச்சென்று தெரியும். உடலில் நீல இரத்தம் ஓடுகிறது என்று உண்மையாகவே நம்பும் மாணவர்கள் இருக்கிறார்கள். இது அடையாளத்துக்கான நிறம், உண்மையில் அதுவும் கருஞ்சிவப்பே என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாணவர் ஒருவர் எதிர்பாராத கேள்வி கேட்டால், வரிசையாகச் செல்லும் ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திரையை இருட்டாக்கிவிட்டுப் பலகைக்குப் போங்கள். காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது 'பி' (B) விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், மீண்டும் அழுத்தினால் அதே ஸ்லைடு திரும்பும். லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள இம்பிரஸ் என்ற ஸ்லைடு மென்பொருளிலும் இது வேலை செய்யும். மாணவர்களின் கண்கள் திரையிலிருந்து உங்கள் முகத்துக்கு வருவதை அப்போது உணரலாம்.

ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம். எனவே ஸ்லைடு எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கேள்வி எழுந்தால் மட்டும் காட்டவேண்டிய படங்களை 'மறைக்கப்பட்ட ஸ்லைடு'களாகக் கடைசியில் வைக்கலாம். வரிசையில் செல்லும்போது அவை தோன்றா, எண்ணைத் தட்டினால் வரும். வகுப்பு நடுவே நின்றுவிட்டால், எஃப்5 விசையைத் தனியே அழுத்தாமல் ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழுத்துங்கள். முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

மாணவர்கள் ஸ்லைடில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுத முயல்கிறார்களே?

திரையில் எழுத்து இருந்தால் எழுதத்தான் செய்வார்கள். எழுதும்போது நீங்கள் சொல்வது காதில் விழாது. பெயர்கள் இடப்படாத படத்தை அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுத்து, அவர்களையே பெயர் குறிக்கச் சொல்வது நல்ல தீர்வு. அச்சிட வசதியில்லையென்றால் நோட்டில் எழுதவேண்டியதைப் பலகையிலும், பார்க்கவேண்டியதைத் திரையிலும் பிரித்து வையுங்கள். இந்த வேறுபாடு ஒரு வாரத்திலேயே வகுப்புக்குப் பழகிவிடும்.

காசு கொடுத்துத்தான் மென்பொருள் வாங்கவேண்டுமா?

வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸ் தொகுப்பின் இம்பிரஸ் முற்றிலும் இலவசம், இணையமும் தேவையில்லை. அதில் தமிழைக் கையாளும்போது, மொழி அமைப்புகளில் சிக்கல் எழுத்து வடிவங்களுக்கான (Complex Text Layout) தேர்வை இயக்கவேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துருவும் அளவும் அங்கே தனித்தனியாக அமைக்கப்படுகின்றன என்பது தெரியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கூகுள் ஸ்லைட்ஸும் நன்று, இணைப்பு நிலையாக இருந்தால். ஒன்றில் தயாரித்ததை இன்னொன்றில் திறந்தால் வரிகள் இடம் மாறும். வகுப்பில் ஓடப்போகும் மென்பொருளிலேயே தயாரியுங்கள்.

மின்சாரம் போய்விட்டால்?

பாடம் ஸ்லைடில் இல்லாமல் உங்களிடம் இருந்தால் பெரிய இழப்பில்லை. முக்கியமான ஒரு படத்தை மட்டும் சார்ட் தாளில் வைத்திருங்கள். விளக்குப் பொருத்திய பழைய வகைப் புரொஜெக்டர்களை அணைத்தவுடன் சுவிட்சைப் போய் நிறுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் விசிறி ஓடி விளக்கு ஆறியபிறகே நிறுத்தவேண்டும். மாற்று விளக்கு வந்துசேர எத்தனை மாதமாகும் என்பது அலுவலக வழிமுறைகளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இணையத்திலிருந்து எடுத்த படங்களைப் பயன்படுத்தலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு படைப்பைப் படியெடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் பல்கலைக்கழக நகலகம் ஒன்றைப் பற்றிய வழக்கில் இந்த விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. ஆனால் அதே ஸ்லைடுகளை யூடியூபில் ஏற்றும்போது நிலைமை வேறாகும். விக்கிமீடியா காமன்ஸில் உள்ள படங்களைப் படைத்தவர் பெயரோடு பயன்படுத்துவது கவலையற்ற வழி. வரைபடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: வெளிநாட்டுத் தளங்களின் படங்களில் இந்தியாவின் வடக்கு எல்லை வேறாக இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களையோ பாடநூல் படங்களையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களையே ஸ்லைடுகள் தயாரித்துப் பேசச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் கட்டுப்பாடு விதித்துச் சொல்லவேண்டும். 'நீர் மாசு பற்றி ஒரு பி.பி.டி. செய்து வா' என்று மட்டும் சொன்னால், இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய இருபது ஸ்லைடுகளும் 'நன்றி' என்று பூங்கொத்து வரைந்த ஒரு கடைசி ஸ்லைடும் வரும். எங்கள் ஊர்க் கண்மாய், மூன்றே ஸ்லைடுகள், மூன்றும் நீங்களே எடுத்த படங்கள், ஒரு ஸ்லைடுக்குப் பத்துச் சொற்களுக்கு மேல் கூடாது, தாளைப் பார்க்காமல் பேசவேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கைபேசி இல்லாத மாணவர்களை இருப்பவர்களோடு குழுவாகச் சேர்த்துவிடுங்கள். பேசுவதை மட்டும் கைபேசி இல்லாதவரிடம் ஒப்படையுங்கள்.

இன்னொரு ஆசிரியர் தயாரித்த ஸ்லைடுகளை வாங்கிப் பயன்படுத்தலாமா?

படங்களை எடுத்துக்கொள்ளலாம், வரிசையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தவருடைய வரிசை அவர் வகுப்பில் எழுந்த கேள்விகளுக்கு ஏற்ப அமைந்தது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் கோப்பைப் பெற்றால், முதலில் எல்லா எழுத்துகளையும் நீக்கிவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். அவற்றில் எதை வைத்து ஒரு கேள்வி கேட்க முடியுமோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாம்.